ஈயக் குண்டும் தாமரைத் தண்டும்

ஜவ்வாது மலை என்றதும் பலருக்கும் மூன்று விஷயங்கள் நினைவுக்கு வரும். சந்தன மரம், பீமன் நீர்வீழ்ச்சி, காவலூர் வானாய்வகம். நான்காவதாக ஒன்று உண்டு. அது செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரியில் வந்து போகும்: நாட்டுத் துப்பாக்கி பறிமுதல், ஒருவர் கைது.

சில சமயம் கூடவே ஒரு படமும் இருக்கும். காவல் நிலைய மேசை மேல் நீளமான இரும்புக் குழாய், அதைப் பிடிக்க ஒரு மரக் கட்டை. பக்கத்தில் ஒரு பையில் கரிமருந்து, ஒரு டப்பாவில் ஈயக் குண்டுகள், எல்லாவற்றையும் குழாய்க்குள் தள்ளிக் கிட்டிப்பதற்கு ஒரு கம்பி. அவ்வளவுதான்.

படிக்கிறவர்களுக்கு அது ஒரு குற்றச் செய்தி. ஆனால் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு அந்த மேசை ஒரு அருங்காட்சியகம் மாதிரி! ஒவ்வொரு முறை சுடும்போதும் மருந்து, அடைப்பு, குண்டு மூன்றையும் கையால் அளந்து குழாயின் வாய் வழியாகப் போடும் முறை அது. 1767-ல் இதே மலையின் அடிவாரத்தில் ஹைதர் அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் மோதியபோது இரண்டு பக்கமும் இப்படித்தான் சுட்டார்கள்.

அதற்குப் பிறகு உலகம் எங்கேயோ போய்விட்டது. இன்று நல்ல பயிற்சி உள்ளவர் 1000 கெஜ தூரத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள் அடிக்கிறார். இந்த முன்னேற்றத்தில் துப்பாக்கிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு அதற்குள் போகிற சாமான்களுக்கும் உண்டு. இதில் ஆச்சரியம் என்னவென்றால், இந்தக் கதையின் முக்கியமான திருப்பங்கள் சில தென்னிந்தியாவோடு, அதிலும் தமிழ்நாட்டோடு, சம்பந்தப்பட்டவை. அப்படியிருக்க, ஜவ்வாது மலையில் மட்டும் கடிகாரம் ஏன் நின்றுபோனது? அதைத் தெரிந்துகொள்ள முதலில் கடலூருக்குப் போக வேண்டும்.

கடலூரில் இறந்த கணக்கு வாத்தியார்

பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். லண்டனில் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். 1742-ல் பீரங்கிக் கலை பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். அதைப் பெரிய கணித மேதை ஆய்லரே 1745-ல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, நீண்ட விளக்கமும் எழுதிச் சேர்த்தார் என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

அதுவரை குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்க சரியான வழியே இல்லை. ராபின்ஸ் ஒரு எளிமையான வழி கண்டுபிடித்தார். கனமான மரப் பலகையை ஊசல் மாதிரித் தொங்கவிட்டு அதன் மேல் சுடுவது. குண்டு பலகையில் பதிந்ததும் ஊசல் ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது, பலகையின் எடை என்ன, குண்டின் எடை என்ன என்று தெரிந்தால் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். பிளஸ் ஒன் இயற்பியலில் உந்த அழிவின்மை படித்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள்.

இதனால் என்ன லாபம்? மருந்தைக் கொஞ்சம் கூட்டினால் என்ன ஆகும், குறைத்தால் என்ன ஆகும், குழலை நீளமாக்கினால் என்ன ஆகும் என்று முதல் தடவையாக எண்ணால் சொல்ல முடிந்தது. அதுவரை அது கைப்பழக்கமும் ஊகமும்தான்.

அவர் செய்த இன்னொரு சோதனை இன்னும் சுவையானது. ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை வேண்டுமென்றே இடது பக்கம் வளைத்தார். எதிரே வரிசையாகக் காகிதத் திரைகளைக் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டார். முதல் திரைகளில் ஓட்டை இடது பக்கம் விழுந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் போகப் போக குண்டு வலது பக்கம் திரும்பிவிட்டது! காரணம், வளைந்த குழலுக்குள் குண்டு வலது சுவரில் உருண்டு சுழல ஆரம்பித்துவிடுகிறது. சுழல்கிற பந்து காற்றில் வளையும். கால்பந்தில் 'பனானா கிக்' பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இன்றைக்கு இதை மேக்னஸ் விளைவு என்கிறோம். மேக்னஸ் ஆராய்ந்தது 1850-களில். ராபின்ஸ் அதற்கு நூறு வருஷம் முன்னாடியே பார்த்துவிட்டார்.

உருண்டைக் குண்டு குறி தவறுவதற்குக் காரணம் சிப்பாயின் கண் அல்ல என்பது இதிலிருந்து தெரிந்தது. குண்டு குழாய்க்குள் தளர்வாக இருக்கிறது. சுவரில் முட்டி முட்டி வெளியே வருகிறது. கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ, அதைப் பொறுத்து ஏதோ ஒரு திசையில் சுழல்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சுழற்சி. குழலுக்குள்ளே புரி வெட்டி, குண்டை எப்போதும் ஒரே அச்சில் சுழல வைத்தால் இந்தத் தொல்லை தீரும் என்று ராபின்ஸ் வாதாடினார். புரித் துப்பாக்கியை நன்றாகப் புரிந்துகொண்டு முதலில் எடுத்துக்கொள்ளும் நாட்டுக்குப் போரில் பெரிய மேலாண்மை கிடைக்கும் என்றும் 1747-லேயே சொன்னார்.

அதே ராபின்ஸைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தலைமைப் பொறியாளராக நியமித்து, கோட்டைகளைப் பலப்படுத்த இங்கே அனுப்பியது. 1750-ல் வந்தார். காய்ச்சல் வந்து 1751 ஜூலை 29 அன்று கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். வயது 44. குண்டு ஏன் குறி தவறுகிறது என்று உலகத்துக்குச் சொன்னவர் கடலூரில்தான் முடிந்தார்.

செங்கம் கணவாய், 1767

ராபின்ஸ் இறந்து 16 வருஷம் கழித்து முதல் மைசூர்ப் போர். ஜவ்வாது மலையின் தெற்கே, மைசூர் மேட்டிலிருந்து திருவண்ணாமலைக்கு இறங்கும் வழியில் செங்கம் கணவாய் இருக்கிறது. 1767 செப்டம்பர் 3 அன்று கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையை ஹைதர் அலி இங்கே தாக்கினார். ஸ்மித் சமாளித்துக்கொண்டு, அரிசி தேடித் திருவண்ணாமலைப் பக்கம் நகர்ந்தார். அதே மாதக் கடைசியில் அங்கேயும் சண்டை நடந்தது.

கம்பெனிச் சிப்பாயின் கையில் இருந்த மஸ்கட்டைக் கொஞ்சம் பார்க்கலாம். குழலின் உள்விட்டம் 0.75 அங்குலம். அதற்குள் போட்ட ஈயக் குண்டு சுமார் 0.69 அங்குலம். இடையில் 0.06 அங்குலம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி! ராபின்ஸ் சொன்ன முட்டல், மோதல், கண்டபடி சுழற்சி எல்லாம் இதில் உண்டு. போதாததற்கு வெடிவாயுவில் ஒரு பகுதி பக்கவாட்டில் கசிந்து போகும்.

இவ்வளவு தளர்வாக ஏன் செய்தார்கள்? முட்டாள்தனம் இல்லை. கரிமருந்து எரிந்தால் கரி படியும். பத்துப் பதினைந்து முறை சுட்ட பிறகு குழலுக்குள் கரி ஏறிவிடும். இறுக்கமான குண்டாக இருந்தால் உள்ளே இறங்காது. சண்டை நடுவில் குண்டு இறங்கவில்லை என்றால் சிப்பாய் செத்தான். ஆகவே குறியை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்டார்கள்.

மருந்தும் குண்டும் காகிதத்தில் சுற்றித் தயாராக இருக்கும். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துத் திறந்து, கொஞ்சம் மருந்தைத் தீக்கிண்ணத்தில் கொட்டி, மீதியைக் குழலில் ஊற்ற வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? பதற்றத்தில் ஒரு கை அதிகம் கொட்டும், ஒரு கை குறைவாகக் கொட்டும். அப்போது குழலுக்குள் போகும் மருந்தின் அளவும் மாறும், வேகமும் மாறும். அந்தத் துப்பாக்கியால் 80 கெஜத்துக்கு மேல் ஒரு தனி ஆளைக் குறிவைத்து அடிப்பது கஷ்டம். அதனால்தான் வரிசையாக நின்று மொத்தமாகச் சுட்டார்கள்.

இன்று மலைமேல் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கியிலும் இதே நோய்கள்தான். கண்ணளவில் மருந்து, தளர்வான குண்டு, ஒவ்வொரு தடவையும் வேறு இறுக்கத்தில் அடைப்பு, ஈரக்காற்றில் நமுத்துப்போகும் கரிமருந்து. சுடுகிறவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் என்ன செய்ய முடியும்? இரண்டு வெடி ஒரே மாதிரி இருக்கவே இருக்காது.

ஊதுகுழல் சொன்ன ரகசியம்

இறுக்கமாக இருந்தால் உள்ளே இறங்காது. தளர்வாக இருந்தால் குறி போகாது. இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது? விடை தென்னிந்தியாவிலிருந்து போனது. அதுவும் துப்பாக்கியே இல்லாதவர்களிடமிருந்து!

1820-களில் ஜான் நார்ட்டன் என்று ஒரு கேப்டன். பிரிட்டனின் 34-வது ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர். தென்னிந்தியாவில் இருந்தபோது இங்கே உள்ளவர்கள் ஊதுகுழலில் பயன்படுத்திய சின்ன அம்புகளை எடுத்துப் பார்த்தார். அம்பின் அடிப்பகுதியில் தாமரைத் தண்டின் மெத்தென்ற உள்சதையை வைத்திருந்தார்கள். குழலுக்குள் போடும்போது அது லேசாக இறங்கிவிடும். வாயால் ஊதியதும் காற்றின் அழுத்தத்தில் விரிந்து குழலின் சுவரை அடைத்துக்கொள்ளும். காற்று கசியாது. அம்பு முழு வேகத்தில் நேராகப் போகும்.

நார்ட்டனுக்குப் பொறி தட்டியது. ஈயமும் மென்மையான உலோகம்தானே? உருண்டைக்குப் பதிலாக நீள்வடிவக் குண்டு செய்து அதன் அடியைக் குழிவாக்கினால்? போடும்போது தளர்வாக இறங்கும். வெடித்ததும் வாயு அந்தக் குழிக்குள் அழுத்தி ஓரத்தை விரிக்கும். குண்டு புரியைக் கவ்விக்கொண்டு சுழலும். ஒரே குண்டு உள்ளே போகும்போது தளர்வு, வெளியே வரும்போது இறுக்கம்!

பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்கவில்லை. 1830-களில் வில்லியம் கிரீனர் என்ற துப்பாக்கிக்காரர் குழிக்குள் ஒரு ஆப்பு வைத்துப் பார்த்தார். அதையும் ஏற்கவில்லை. 1849-ல் பிரான்சின் கேப்டன் மினியே இதே தத்துவத்தில் ஒரு குண்டைச் செய்து காட்டியதும், பிரிட்டன் அவருக்கு 20,000 பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டது! பிறகு கிரீனர் போராடி 1857-ல் 1,000 பவுண்டு பெற்றார். தாமரைத் தண்டை அம்பில் வைத்தவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

துப்பாக்கியை மாற்றாமல், குண்டின் அடியை மட்டும் மாற்றியதில் புரித் துப்பாக்கி சாதாரணச் சிப்பாயின் கைக்கு வந்தது. 80 கெஜத்தில் தடுமாறியவன் 300 கெஜத்தில் நம்பி அடித்தான்.

கொழுப்பும் தேன்மெழுகும்

அந்தக் குண்டோடு 1850-களில் என்ஃபீல்டு ரைஃபிள் இந்தியாவுக்கு வந்தது. காகிதத் தோட்டாவின் வெளிப்புறத்தில் கொழுப்புத் தடவியிருந்தார்கள். குண்டு எளிதாக இறங்கவும், கரி இளகவும் அது தேவை. அது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு பரவி 1857-ல் என்ன நடந்தது என்பது பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஜவ்வாது மலைக்குப் பக்கத்தில் வேலூரில் 1806 ஜூலை 10 அன்று தலைப்பாகைக்காக வெடித்த கோபம், 51 வருஷம் கழித்து வடக்கே தோட்டாவுக்காக வெடித்தது.

பாடப்புத்தகத்தில் இல்லாத பாதி ஒன்று உண்டு. அந்தக் கொழுப்பு மதத்துக்கு மட்டுமல்ல, இந்த ஊர் வெயிலுக்கும் ஒத்துவரவில்லை. சூட்டில் கொழுப்பு உருகிக் காகிதத்தில் ஊறி வீணாகிவிடும். குண்டு வறண்டுபோகும், கரி கெட்டிப்படும், சண்டை நடுவில் தோட்டா இறங்காது. ஆகவே பிரிட்டிஷார் இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். கொழுப்பைக் குறைத்துத் தேன்மெழுகை அதிகமாக்கினார்கள். குண்டின் விட்டத்தை 0.568 அங்குலத்திலிருந்து 0.55 அங்குலமாகக் குறைத்து, சரியாக விரிய அடியில் ஆப்பு வைத்தார்கள். வித்தியாசம் அரை மில்லிமீட்டர் கூட இல்லை! அதற்குப் பிறகுதான் இந்திய வெயிலில் என்ஃபீல்டு ஒழுங்காக வேலை செய்தது.

மேலே பூசும் மெழுகு கூட ஒரு பாகம்தான் என்று ராணுவம் கற்றுக்கொண்ட பாடம் இது.

நான்கு சாமான்கள்

1860-களில் உலோக உறை வந்தது. அன்றிலிருந்து இன்று வரை ஒரு ரைஃபிள் தோட்டாவில் நான்கே சாமான்கள்: பித்தளை உறை, அடியில் பொறி தட்டும் கேப்பு, மருந்து, குண்டு. சுட்ட பிறகு குண்டும் மருந்தும் கேப்பும் போய்விடும். விலை அதிகமான பித்தளை உறை மட்டும் கையில் மிஞ்சும். அதைத் திரும்பப் பயன்படுத்தலாமே என்று தோன்றியதில்தான் கைத்தயாரிப்புத் தோட்டா பிறந்தது. இன்று அமெரிக்கா போன்ற நாடுகளில் இது ஒரு பெரிய பொழுதுபோக்கு.

இதில் ஒரு வேடிக்கை. கேப்பில் இரண்டு வகை உண்டு. இங்கிலாந்தின் கர்னல் பாக்சர் செய்தது ஒன்று, அமெரிக்காவின் பெர்டன் செய்தது இன்னொன்று. பாக்சர் வகையில் உறையின் நடுவில் ஒரே ஓட்டை. பழைய கேப்பைக் குத்தி வெளியே தள்ளுவது சுலபம். பெர்டன் வகையில் அது கஷ்டம். கடைசியில் இங்கிலாந்துக்காரர் செய்தது அமெரிக்காவிலும், அமெரிக்கர் செய்தது ஐரோப்பாவிலும் நிலைத்துவிட்டன! அமெரிக்காவில் கைத்தயாரிப்பு இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் மிச்சம் பிடிக்க ஆரம்பித்தவர்கள் சீக்கிரமே ஒன்றைக் கவனித்தார்கள். கடையில் வாங்கிய தோட்டாவை விட, பொறுமையாகச் செய்த தோட்டா நேராகப் போகிறது! ஏன்?

மருந்தை எடுத்துக்கொள்ளலாம். அதைக் 'கிரெயின்' கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம், ஒரு குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதி. அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்ப்பவர்கள் உண்டு. குண்டின் வேகம் நொடிக்கு 50 அடி குறைந்தால் 100 கெஜத்தில் ஒன்றும் தெரியாது. 1000 கெஜத்தில் ஒரு அடிக்கு மேல் கீழே போய்விடும்.

பித்தளை உறையின் உள்ளளவு மாறினால் அதே மருந்து வேறு அழுத்தம் கொடுக்கும். திரும்பத் திரும்பச் சுட்டதில் உறையின் கழுத்துப் பித்தளை கெட்டிப்பட்டுவிடும். ஒரு கழுத்து குண்டை இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்று லேசாகப் பிடிக்கும். கேப்பை வேறு கம்பெனிக்கு மாற்றினால் பொறியின் சூடு மாறும். குண்டை உறைக்குள் எவ்வளவு ஆழம் செருகியிருக்கிறது என்பதும் கணக்கு. இது எல்லாம் போக, சுடும்போது இரும்புக் குழலே வீணைத் தந்தி மாதிரி அதிர்கிறது. குண்டு ஒவ்வொரு முறையும் அந்த அதிர்வின் ஒரே கட்டத்தில் வெளியேறினால்தான் ஒரே இடத்தில் விழும். அதனால்தான் ஒரு துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா அதே கம்பெனியின் இன்னொரு துப்பாக்கிக்குப் பிடிப்பதில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு சாமான்களை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். ஆகவே ஒன்றை மாற்றி, மற்ற மூன்றையும் அப்படியே வைத்துச் சோதிப்பார்கள். சொல்லப்போனால் ராபின்ஸின் ஊசலிலிருந்து வந்த வழக்கம்தான் இது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பிராங்க்ளின் மான் என்ற டாக்டர் இப்படிப் பல வருஷங்கள் ஆயிரக்கணக்கான குண்டுகளைச் சுட்டுப் பார்த்து 1909-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். குண்டின் மூக்கை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டால் குறி அவ்வளவாகக் கெடவில்லை. ஆனால் அடிப்பாகத்தில் சின்னப் பழுது இருந்தாலும் குண்டு வேறெங்கோ போனது! எல்லோரும் கூரான மூக்கைத்தான் முக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அம்பின் அடியில்தான் விஷயம் இருக்கிறது என்று ஊதுகுழல்காரர்கள் கண்டுகொண்டது சரியாகப் போயிற்று.

வெயிலும் கார்டைட்டும்

கரிமருந்தின் காலம் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் முடிந்தது. 1889-ல் பிரிட்டனில் கார்டைட் வந்தது. கயிறு மாதிரி இழை இழையாக இருக்கும். புகை குறைவு, சக்தி அதிகம். இந்தியாவுக்காக அதைத் தயாரிக்க 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை வந்தது. ஊட்டி ரயிலில் போகிறவர்கள் குன்னூர் தாண்டியதும் அந்த ஸ்டேஷனைப் பார்க்கலாம். 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

கார்டைட்டுக்கு ஒரு குணம் உண்டு. வெயிலில் காய்ந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறிவிடும். லண்டன் குளிரில் சோதித்த வேட்டைத் தோட்டாக்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்து சுட்டால் உறை உப்பி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எதிரே புலி நிற்கும்போது இப்படி ஆனால்! ஆகவே லண்டன் கம்பெனிகள் மருந்தைக் கொஞ்சம் குறைத்து 'டிராபிக்கல்' தோட்டா என்று தனியாக விற்றன. அதே துப்பாக்கி, அதே குண்டு. ஊர் மாறினால் அளவு மாற வேண்டும்.

சட்டம் பூட்டிய பெட்டி

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். கடலூரில், செங்கத்தில், அருவங்காட்டில் இவ்வளவு நடந்தும் ஜவ்வாது மலையில் மட்டும் 1767 ஏன் நின்றுபோனது?

மலைமக்களுக்கு அறிவு போதாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்ல, தமிழ் பேசும் மலைவாசிகள்) தங்கள் காட்டையும் சாமைப் பயிரையும் நுணுக்கமாக அறிந்தவர்கள். காரணம் வேறு. 1857-ஐ மறக்காத பிரிட்டிஷ் அரசு 1878-ல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு, இந்தியர்களுக்கு லைசென்ஸ். துப்பாக்கியை விடத் தோட்டாவின் மேல்தான் அரசுக்குப் பயம் அதிகம். 1900-களின் தொடக்கத்தில் 450 அளவுத் தோட்டாவை இந்தியாவுக்குள் கொண்டுவரவே தடை போட்டார்கள். கலகக்காரர்களிடம் இருந்த பழைய ராணுவ மார்டினி ஹென்றி ரைஃபிளின் அளவு அது என்பதால் இந்தப் பயம். லண்டன் கம்பெனிகள் உடனே 465, 470, 475 என்று புதுப்புது அளவுகளைக் கண்டுபிடித்து ராஜாக்களுக்கும் துரைகளுக்கும் விற்றன! ராணுவத்தின் 303 தோட்டாவும் பொதுமக்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு 315 என்று வேறு ஒரு அளவு.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. ஆனால் அதன் 13-வது பிரிவைப் படித்தால் ஒன்று புரியும். பயிரைக் காக்க உண்மையிலேயே தேவைப்படுகிறவருக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் வேறு துப்பாக்கி. அதாவது உழவனுக்கு உரியது 1767-ன் துப்பாக்கி என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது! ரைஃபிள் கிளப் உறுப்பினருக்கோ 22 ரைஃபிள். பக்கத்து மாநிலத்தில் குடகர்களுக்கு லைசென்ஸிலிருந்தே விலக்கு உண்டு. அதே மாதிரி மலையில் வாழும் ஜவ்வாது மலைக்காரருக்கு அது கிடையாது.

தோட்டாவின் விஷயத்தில் சட்டம் இன்னும் இறுக்கம். தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் கருவிகளும் கூடச் சட்டப்படி 'தோட்டா' என்ற சொல்லுக்குள் அடங்கும். லைசென்ஸ் இல்லாமல் தயாரிக்கக் கூடாது. அமெரிக்கர் ஒருவர் வார இறுதியில் வீட்டு மேசையில் செய்வதை இங்கே ஒருவர் அப்படிச் செய்துவிட முடியாது. அதற்கு நியாயமும் இருக்கிறது. கண்டவர் கையில் வெடிமருந்து புழங்கினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும் வேட்டையைத் தடைசெய்துவிட்டது. அது இல்லாவிட்டால் காடுகளில் இன்று மிச்சம் இருப்பதும் இருந்திருக்காது.

ஆனால் சட்டம் துப்பாக்கியை மலையிலிருந்து எடுத்துவிடவில்லை. அதன் தரத்தைத்தான் எடுத்துவிட்டது. இதுதான் யோசிக்க வேண்டிய இடம். திருட்டுத்தனமாகச் செய்த குழாய், அளவில்லாத மருந்து, உருண்டையா சில்லா என்று தெரியாத ஈயம். குழாய் வெடித்துக் கை போகிறது. பன்றி என்று நினைத்துச் சுட்டது மனிதன் மேல் பட்டது என்று தமிழ்நாட்டின் ஏதோ ஒரு காட்டோர ஊரிலிருந்து அவ்வப்போது செய்தி வருகிறது. ராத்திரி இருட்டில், ஒருபோதும் ஒரே மாதிரி வெடிக்காத ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவர் பயிரைக் காக்கிறார். குறி தவறினால் பழி அவர் மேல்.

கடைசியாகக் கடலூருக்கே திரும்பினால் இன்னொரு பெயர் இருக்கிறது. இளவேனில் வாலறிவன். 1999-ல் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 2019-ல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டவர். அந்தப் போட்டியில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். ஏர் ரைஃபிளில் மருந்து கிடையாது, உறை கிடையாது, கேப்பு கிடையாது. மிச்சம் இருப்பது ஒரு சின்ன ஈயக் குண்டு. அந்த ஒன்றுக்கே 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று பெட்டியில் அச்சிட்டு விற்கிறார்கள். இந்த விளையாட்டில் உள்ளவர்கள் தங்கள் குழலுக்கு எந்த அளவு, எந்தத் தயாரிப்புத் தொகுதி ஒத்துப்போகிறது என்று சோதித்த பிறகுதான் வாங்குவார்கள். அடியில் குழிவாகவும், ஓரம் பாவாடை மாதிரி விரிந்தும் இருக்கும் அந்தக் குண்டைப் பார்த்தால் தாமரைத் தண்டு நினைவுக்கு வரும்.

ராபின்ஸ் இறந்த ஊரில் பிறந்த பெண் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக் கணக்குப் பார்க்கும் விளையாட்டில் உலகத்தை ஜெயித்தார். அங்கிருந்து ஜவ்வாது மலை நூற்றைம்பது கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே பிடிபட்ட ஒருவரின் டப்பாவில் இரண்டு ஈயக் குண்டு ஒரே அளவில் இருக்காது. அவருக்கு நல்ல துப்பாக்கி கொடுங்கள் என்று கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. பன்றி தின்ற சாமைக்கு உரிய இழப்பீடு தாமதமில்லாமல் வீட்டுக்கு வந்தால், அந்தக் குழாய்க்கு வேலையே இருக்காது. அடுத்த தடவை அந்த நாலு வரிச் செய்தியைப் படிக்கும்போது, மேசை மேல் இருக்கிற டப்பாவையும் ஒரு நிமிடம் பாருங்கள்.